பூட்டப்படாத கதவு

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வியாசர் யுதிஷ்டிரருக்குக் கூறும் ஒரு பழைய வரலாறு உண்டு. சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்கள் பாஹுதா நதிக்கரையில் தனித்தனி ஆசிரமங்கள் அமைத்துத் தவம் செய்து வந்தார்கள். ஒரு நாள் தம்பி லிகிதர் அண்ணனைக் காண வந்தார். அண்ணன் வெளியே சென்றிருந்தார். ஆசிரமத்து மரங்களில் கனிகள் நன்கு பழுத்திருந்தன. லிகிதர் அவற்றைப் பறித்து உண்ணத் தொடங்கினார். திரும்பி வந்த சங்கர், "இந்தக் கனிகள் உனக்கு எங்கே கிடைத்தன?" என்று வினவினார். தம்பி வணங்கிப் புன்னகையுடன், "இங்கேதான் எடுத்தேன்" என்றார். சங்கர் சினம் கொண்டார். கேளாமல் எடுத்தது திருட்டு என்றும், அரசனிடம் சென்று குற்றத்தைச் சொல்லி அதற்குரிய தண்டனையைப் பெற வேண்டும் என்றும் கூறி அவரை அனுப்பி வைத்தார்.

லிகிதர் செய்தது உண்மையிலேயே திருட்டுதானா? ஆசிரமத்துக்குப் பூட்டு இல்லை. மரங்கள் உடன்பிறந்தவருடையவை. கேட்டிருந்தால் அவர் மனமுவந்து கொடுத்திருப்பார். உண்டவரும் எதையும் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். நான்கு கனிகள் குறைந்ததால் சங்கருக்கு நேர்ந்த நஷ்டம்தான் என்ன? ஆயினும் சங்கரின் தீர்ப்பு மாறவில்லை.

இக்கேள்வி அந்த ஆசிரமத்தோடு முடிந்துவிடவில்லை. கணிப்பொறி தோன்றிய நாள் முதலாக அந்த உலகம் இதே கேள்வியைத் தன் மொழியில் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறது. 'ஹேக்கர்' என்ற சொல் கடந்து வந்த பாதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

இன்று ஹேக்கர் என்றதும் பிறர் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைக் களவாடுபவரே நினைவுக்கு வருகிறார். அவரைப் பற்றித் தர்ம விசாரம் எதுவும் தேவையில்லை. கன்னக்கோலால் திருடினாலும் கணிப்பொறியால் திருடினாலும் திருட்டு திருட்டே. விசாரத்துக்கு உரியவர் வேறொருவர். எதையும் எடுத்துச் செல்லாமல், எதையும் கெடுக்க எண்ணாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் ஒன்றினால் மட்டும் பிறர் கதவைத் திறப்பவர். அவர் குற்றவாளியா?

ரயில் மேடைக்கு அடியில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-ஆம் ஆண்டில் ஒரு பொம்மை ரயில் சங்கம் தொடங்கினார்கள். மேடையின் மேலே சிறு ரயில்களும் ஊர்களும் மலைகளும் இருந்தன. ஒரு பிரிவினருக்கு அவற்றில் நாட்டமில்லை. மேடைக்கு அடியில், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களையும் கம்பிகளையும் கொண்டு ரயில்களை இயக்கும் அமைப்பைக் கட்டுவதிலேயே அவர்களுடைய இரவுகள் கழிந்தன. பயன் கருதாமல், செய்வதில் உள்ள இன்பத்துக்காகவே புத்திசாலித்தனமாகச் செய்யப்பட்ட ஒரு வேலையை அவர்கள் 'ஹேக்' என்றார்கள். அதில் தேர்ந்தவர் ஹேக்கர். அந்தச் சொல் அங்கே ஒரு புகழ்ச்சியாக இருந்தது.

கழகத்தில் அப்போது ஐ.பி.எம். 704 என்ற பெரிய கணிப்பொறி இருந்தது. மாணவர்கள் அதன் அருகே செல்ல இயலாது. துளையிட்ட அட்டைகளை ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். கர்ப்பக்கிருகத்துக்குள் தாங்கள் மட்டுமே நுழையும் புரோகிதர்கள் என்று அந்த ஊழியர்களை மாணவர்கள் கேலி செய்தார்கள். 1958-இல் டி.எக்ஸ்.-0 என்ற வேறொரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதன் முன் அமர்ந்து தாமே இயக்கலாம். இரவு முழுவதும் யாராவது ஒருவர் அதன் முன் இருந்தார். 1961-இல் பி.டி.பி.-1 வந்தது, அதில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962-இல் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். ஒருவர் எழுதிய நிரல் காகித நாடாவில் துளையிடப்பட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், மேம்படுத்தலாம். விலையும் இல்லை, உரிமை கொண்டாடலும் இல்லை.

ஸ்டீவன் லெவி 1984-இல் வெளியிட்ட 'ஹேக்கர்ஸ்' என்ற நூலில் இவர்களுடைய எழுதப்படாத தர்மத்தைத் தொகுத்துக் கூறினார். அறிவு யாவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒருவரை அவருடைய பட்டம், வயது, இனம், பதவி இவற்றால் மதிப்பிடாமல் செய்கையால் மதிப்பிட வேண்டும். கணிப்பொறியிலும் அழகைப் படைக்கலாம். அதனால் வாழ்க்கை மேம்படும் என்பவை அதன் சாரம். இதில் குறை காண்பது கடினம். கூலி கருதாமல் வேலை செய்வதும், கற்றதை மறைக்காமல் கொடுப்பதும் எந்தச் சமயத்தவரும் போற்றும் பண்புகள். கல்வியைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களால் சமுதாயம் பட்ட துன்பத்தை நம் நாடு நன்கு அறியும்.

ஆயினும் இந்தத் தர்மத்துக்குள்ளேயே ஒரு விரிசல் இருந்தது. நள்ளிரவில் கணிப்பொறி பழுதாகும். அதைச் சரிசெய்யும் கருவி பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி வைத்திருப்பவர் உறங்கிக்கொண்டிருப்பார். இவர்கள் பூட்டைத் திறக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டார்கள். வேலைக்குத் தேவையான கருவி வேலைக்கே பயன்பட்டது. யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஆனால் அந்த இரவுகளில் ஒரு மனப்பாங்கு உருவாயிற்று. எந்தப் பூட்டும் ஓர் அவமதிப்பு, திறக்க வல்லவனுக்குத் திறக்கும் உரிமை உண்டு என்பதே அது. வல்லமையும் உரிமையும் ஒன்றாகிவிட்டன.

அதே கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு 1961-இல் செயல்விளக்கம் பெற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்குச் சில மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி அட்டை மூலம் கேட்கலாம் என்பதைக் கவனித்த அவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடக் கேட்டார். அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. பிறர் பெயரால் உள்ளே சென்று வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்தே இதை வெளியில் சொன்னார். கணிப்பொறிக் கடவுச்சொல் பிறந்ததற்கும் அது களவு போனதற்கும் இடையே ஓராண்டுகூட முழுதாகச் செல்லவில்லை போலும்! பேராசையால் நேர்ந்ததன்று இக்களவு. படிப்பின் மேல் இருந்த ஆர்வத்தால் நேர்ந்தது. லிகிதரின் பசியைப் போன்றது அது.

அறியும் ஆவலும் ஓர் ஆசையா?

1983-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த சில இளைஞர்கள், வீட்டுக் கணிப்பொறியையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு பல நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்து பிடிபட்டார்கள். தங்கள் ஊரின் தொலைபேசி எண்ணைக் கொண்டு '414' என்று தங்களை அழைத்துக்கொண்ட அவர்கள், அணு ஆராய்ச்சி நடக்கும் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தையும் நியூயார்க்கிலுள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையையும் விட்டுவைக்கவில்லை. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே பலர் விட்டிருந்ததால் நுழைவது எளிதாயிற்று. பத்திரிகைகள் அவர்களைச் சாகசக்காரர்களாகவே காட்டின.

அந்த ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கென் தாம்ஸன் தம் ஏற்புரையில் இதைக் கண்டித்தார். யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பை டென்னிஸ் ரிட்சியுடன் சேர்ந்து உருவாக்கியவர் அவர்; ஹேக்கர்கள் தங்கள் முன்னோடியாக மதித்தவர். பிறர் கணிப்பொறிக்குள் நுழைவதை அண்டை வீட்டுக்குள் நுழைவதைப் போலவே சமுதாயம் இழிவாகக் கருத வேண்டும் என்றும், அண்டை வீட்டார் கதவைப் பூட்ட மறந்திருந்தார் என்பது ஒரு சமாதானமே ஆகாது என்றும் அவர் கூறினார். சங்கரின் தீர்ப்பும் இதுவேயன்றோ!

அதே உரையில் தாம்ஸன் இன்னும் ஆழமான ஒன்றையும் காட்டினார். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றித் தருவது கம்பைலர் என்ற மற்றொரு நிரல். அந்தக் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ள வழியை, எழுதியதை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாதபடி ஒளித்து வைக்க முடியும் என்று அவர் விளக்கினார். அப்படியானால் முழுவதும் தானே எழுதாத எந்த நிரலையும் ஆராய்ந்து மட்டும் நம்பிவிட முடியாது. இறுதியில் அதை எழுதிய மனிதரைத்தான் நம்ப வேண்டும். பூட்டுகளின் எல்லை அதுதான். அதற்கு அப்பால் பாதுகாப்பது மனிதரின் ஒழுக்கம் ஒன்றே.

ஹேக்கர்கள் தரப்பிலிருந்து இதற்குப் பதிலாகக் கொள்ளத்தக்க ஒரு குரல் 1986 ஜனவரியில் எழுந்தது. 'மென்டர்' என்ற புனைபெயர் கொண்ட இளைஞர் கைது செய்யப்பட்ட பின் 'ஒரு ஹேக்கரின் மனசாட்சி' என்ற சிறு அறிக்கையை எழுதினார். தன்னுடைய குற்றம் அறியும் ஆவலைத் தவிர வேறில்லை என்பது அதன் மையம். இன்றளவும் இளைஞர்கள் அதை விரும்பிப் படிக்கிறார்கள். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பிரம்ம சூத்திரமே ஜிஜ்ஞாஸையில், அறியும் வேட்கையில்தான் தொடங்குகிறது. அறியத் துடிப்பது எப்படிக் குற்றமாகும்?

பதஞ்சலி முனிவர் கூறும் யமங்களில் ஒன்றான அஸ்தேயம் என்ற கள்ளாமைக்கு உரை எழுதிய வியாசர், விதிக்கு மாறாகப் பிறர் பொருளைக் கொள்ளாமையோடு நிறுத்தவில்லை. அந்த விருப்பமே எழாமைதான் கள்ளாமையின் உண்மை வடிவம் என்றார். வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில் குற்றத்தைக் கையிலிருந்து மனத்துக்கு நகர்த்தி விடுகிறார். இந்த அளவுகோலின்படி பார்த்தால், எடுத்துச் சென்ற பொருள் என்ன என்ற கேள்வி இரண்டாம் இடத்துக்குச் செல்கிறது. நுழைபவனின் உள்ளத்தில் எழுந்தது எது என்பதே முதல் கேள்வி.

ஞானத்தை நாடுபவன் பணிந்தும் வினவியும் தொண்டு செய்தும் அதைப் பெற வேண்டும் என்று கீதை கூறுகிறது. அங்கே கொடுப்பவர் ஒருவர் உண்டு. பெறுபவன் அதற்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறான். பிறர் கணிப்பொறியில் இரவில் உலவும் ஆவலுக்குக் கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. அங்கே அறியப்படும் பொருளும் பெரும்பாலும் அற்பமானது: யாரோ ஒருவரின் கடிதங்கள், யாரோ ஒரு நோயாளியின் கணக்கு. உண்மையில் அங்கே தேடப்படுவது அறிவன்று, 'என்னால் நுழைய முடிந்தது' என்ற எண்ணம் தரும் இன்பம். அந்த எண்ணத்தில் 'நான்' மிகப் பெரிதாக இருக்கிறது. எல்லா ஹேக்கர்களுக்கும் இது பொருந்தாது. இழுப்பறையில் நாடாக்களைப் போட்டு வைத்தவர்களிடம் 'நான்' சிறியதாகவே இருந்தது.

எழுபத்தைந்து சென்ட்

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வானியலாளருக்கு ஒரு சிறு வேலை தரப்பட்டது. கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. காரணம் கண்டுபிடிக்க வேண்டும். வேறு எவராவது கையை விரித்திருப்பார்கள். ஸ்டால் விடவில்லை. பல மாதங்கள் பின்தொடர்ந்து, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலிருந்து ஒருவர் அமெரிக்க ராணுவக் கணிப்பொறிகளைத் துழாவுவதைக் கண்டறிந்தார். அங்கே கிடைத்தவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டு வந்தன.

அந்த மனிதர் எந்த வழியாக நுழைந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. எம்.ஐ.டி.யில் பழைய ஹேக்கர் பண்பாட்டின் கடைசி வாரிசு என்று கருதப்பட்டவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1970-களில் கழகத்தின் ஒரு கணிப்பொறியில் கடவுச்சொல் முறை வந்தபோது அதை எதிர்த்து, பிறர் கடவுச்சொற்களைக் கண்டறிந்து, கடவுச்சொல்லே இல்லாமல் விட்டுவிடும்படி அவர்களுக்கே செய்தி அனுப்பியவர். பின்னர் அவர் வேறு வழியைத் தேர்ந்தார். நிறுவனங்கள் நிரல்களைப் பூட்டி வைக்கத் தொடங்கியபோது அந்தப் பூட்டுகளை உடைக்கப் போகாமல், யாவருக்கும் பொதுவான ஒரு முழு அமைப்பைத் தாமே எழுதித் தருவதாக 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். துரோணர் ஏற்க மறுத்தபின் ஏகலைவன் அவர் வாயிலில் கலகம் செய்யவில்லை. காட்டில் களிமண்ணால் குருவின் உருவம் செய்துகொண்டு தானே பயின்றான். அந்த வகையில் இது உயர்ந்த முடிவு. இன்று உலகெங்கும் இயங்கும் கட்டற்ற மென்பொருள்களுக்கு அது ஒரு பெரிய ஊற்று. ஆனால் ஸ்டால்மன் அன்புடன் பகிர்ந்த ஈமேக்ஸ் என்ற அதே நிரல், பெர்க்லியில் நிறுவப்பட்டிருந்த விதத்தில் இருந்த ஒரு துளையின் வழியாகத்தான் ஒற்றன் நுழைந்தான்.

ஸ்டால் அதிகாரத்தின்மேல் பற்றுக் கொண்டவரல்லர். உளவுத்துறை என்றாலே முகம் சுளிக்கும் பெர்க்லி நண்பர்களிடையே வாழ்ந்தவர். இருந்தும் இந்த அனுபவத்துக்குப் பின், கணிப்பொறி வலை என்பது ஒருவரை ஒருவர் நம்பும் மனிதர்களின் சமுதாயம் என்றும், நுழைபவன் முதலில் உடைப்பது அந்த நம்பிக்கையை என்றும் அவர் உணர்ந்தார். 1989-இல் வந்த அவருடைய நூல் இதைச் சொல்கிறது.

எண்ணமா, விளைவா?

1988 நவம்பர் 2-ஆம் தேதி மாலை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ராபர்ட் டாப்பன் மோரிஸ், தானே ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் சிறு நிரல் ஒன்றை வலையில் விடுவித்தார். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அஞ்சல் அனுப்பும் நிரலில் இருந்த ஒரு குறை, பயனாளர் விவரம் தரும் நிரலில் இருந்த மற்றொரு குறை, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் ஆகியவற்றின் வழியே அது பரவியது. நான்காவதாக இன்னொரு வழியும் இருந்தது. ஒரு கணிப்பொறி தனக்கு வேண்டிய மற்றொரு கணிப்பொறியைக் கடவுச்சொல் கேளாமலே அனுமதிக்கும் ஏற்பாடு அது. நம்பிக்கையே அங்கே வாயிலாயிற்று.

ஒரே கணிப்பொறியில் பல பிரதிகள் சேரக் கூடாது என்று மோரிஸ் எண்ணியிருந்தார். ஆகவே நுழையும் நிரல், 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறாயா?' என்று கேட்கும். 'ஆம்' என்று பொய்ப் பதில் தரச் செய்து நிர்வாகிகள் இதைத் தடுத்துவிடலாம் என்று அஞ்சி, ஏழு முறைக்கு ஒரு முறை பதில் எதுவாயினும் தங்கிவிடும்படி எழுதினார். அந்தக் கணக்குத் தவறிவிட்டது. பிரதிகள் குவிந்து இயந்திரங்கள் மூச்சுத் திணறின. அப்போது இணையத்தில் சுமார் 60,000 கணிப்பொறிகள் இருந்தன. சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். நிலைமை கைமீறியதை உணர்ந்த மோரிஸ், மன்னிப்பும் தடுக்கும் வழியும் அடங்கிய பெயரில்லாத செய்தியை நண்பர் மூலம் அனுப்பினார். வலையே அடைபட்டிருந்ததால் அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

அவருடைய தந்தை அமெரிக்க அரசின் தேசியக் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றி கென் தாம்ஸனுடன் சேர்ந்து 1979-இல் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதியவர்.

1986-இல் இயற்றப்பட்ட கணிப்பொறி மோசடிச் சட்டத்தின்கீழ் ஜூரி விசாரணையில் தண்டனை பெற்ற முதல் மனிதர் மோரிஸ். மேல்முறையீட்டில் எழுந்த கேள்வி ஒரு தர்ம சாஸ்திரக் கேள்வி போலவே இருந்தது. அனுமதியின்றி நுழைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. சேதம் விளைவிக்கும் எண்ணம் இல்லை. குற்றத்துக்கு எந்த எண்ணம் வேண்டும்? நுழையும் எண்ணமே போதும் என்று 1991-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வோர் இடத்திலும் இதைச் சரிசெய்ய 200 டாலர் முதல் 53,000 டாலருக்கு மேலும் செலவானதாக மதிப்பிடப்பட்டது.

தூய எண்ணத்தோடு செய்தால் விளைவு பற்றிக் கவலையில்லை என்று நிஷ்காம கர்மத்துக்குத் தவறாகப் பொருள் கொள்பவர்கள் உண்டு. மோரிஸின் எண்ணத்தையே சற்று நெருங்கிப் பார்த்தால் அது அத்தனை தூயதன்று என்று தெரியும். கெடுக்க எண்ணவில்லை என்பது உண்மை. தன்னைத் தடுப்பார்கள் என்று அறிந்து, தடுக்க முடியாதபடி செய்தார் என்பதும் உண்மை. கார்னெலில் இருந்துகொண்டே, எங்கிருந்து வந்தது என்று தெரியாதிருக்க எம்.ஐ.டி. கணிப்பொறியிலிருந்து விடுவித்தார் என்பதும் உண்மை. கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்திருந்தும் கேளாமல் செய்வதற்கும், கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்பிக் கேளாமல் எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த வகையில் லிகிதர் மோரிஸைவிட நல்லவர்.

நம் நாட்டின் சட்டம் இந்த வேறுபாட்டை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-ஆவது பிரிவு முதலில் 'ஹேக்கிங்' என்ற பெயரிலேயே அமைந்திருந்தது. 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பெயரை நீக்கியது. உரியவர் அனுமதியின்றி நுழைந்தாலே 43-ஆவது பிரிவின்படி நஷ்டஈடு தர வேண்டும்; அதையே நேர்மையற்ற அல்லது வஞ்சக எண்ணத்தோடு செய்தால்தான் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அமெரிக்காவிலும் 2022 மே மாதம் நீதித்துறை, பாதுகாப்பை மேம்படுத்தும் நல்லெண்ணத்தோடு மட்டும் குறைகளை ஆராய்பவர்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் அமைப்பில் குறை கண்டு சொல்பவருக்குப் பரிசு தருகின்றன. அதற்கு விதி ஒன்றே: எதை, எந்த அளவுக்குத் தொடலாம் என்று முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள், அதற்குள் நின்று, கண்டதை முதலில் உரியவரிடம் சொல்ல வேண்டும். அதே திறமை, அதே ஆவல். கேட்டுக்கொண்டு நுழைவது மட்டுமே வேறுபாடு.

லிகிதர் சுத்யும்ன மன்னனிடம் சென்று குற்றத்தைச் சொன்னபோது மன்னன் தயங்கினான். தண்டிக்கும் அதிகாரம் உடையவனுக்கு மன்னிக்கும் அதிகாரமும் உண்டு என்று கூறி விடுவிக்க முன்வந்தான். லிகிதர் ஒப்பவில்லை, தண்டனையையே வேண்டினார். கைகள் இழந்து திரும்பிய தம்பியிடம், தமக்குக் கோபமில்லை என்றும் தர்மத்தை மீறியதற்குப் பிராயச்சித்தம் நடந்துவிட்டது என்றும் சங்கர் கூறினார். பாஹுதாவில் நீராடித் தர்ப்பணம் செய்ய முற்பட்டபோது லிகிதரின் கைகள் மீண்டும் தோன்றின. வியந்த தம்பி, "தங்களுக்கு இத்தகைய தவ வலிமை இருந்தும் முதலிலேயே என்னைத் தூய்மைப்படுத்தியிருக்கலாமே?" என்று கேட்டார். தண்டிப்பது தம் வேலையன்று, அது அரசனுடையது என்று சங்கர் பதிலளித்தார்.

மோரிஸுக்கு 1990 மே மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்படவில்லை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்பதே தீர்ப்பு. அவர் விடுவித்த நிரலின் விளைவாக, அத்தகைய நெருக்கடிகளை எதிர்கொள்ளும் முதல் குழு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அதுவரை திறந்து கிடந்த பல வாயில்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மோரிஸ் பின்னர் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று எம்.ஐ.டி.யில் ஆசிரியரானார். 2006-இல் அங்கே நிரந்தரப் பேராசிரியர் ஆனார். மாணவர்கள் இயக்க அமைப்பைக் கற்பதற்கென்று அவரும் உடனாசிரியர்களும் எக்ஸ்.வி.6 என்ற சிறு அமைப்பை எழுதினார்கள். தாம்ஸனும் ரிட்சியும் எழுதிய பழைய யூனிக்ஸை ஒட்டியது அது. அதன் ஒவ்வொரு வரியையும் எவரும், எவரிடமும் அனுமதி கேளாமல், எடுத்துப் படிக்கலாம்.